ஆறு ஆண்டுகள் காத்திருந்த முதல் ஆல்பம்: நார்மானியின் 'டோபமைன்' தாமதமானது ஏன்?

அமெரிக்க பாப் பாடகி நார்மானியின் முதல் தனி ஆல்பமான 'டோபமைன்', 2024ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று வெளியானது. அவர் அங்கம் வகித்த 'ஃபிஃப்த் ஹார்மனி' பெண்கள் இசைக்குழு, தனது பணிகளைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக 2018 மார்ச் 19 அன்று அறிவித்திருந்தது. இவ்விரு தேதிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த இடைவெளியில் அவர் பாடாமல் இருந்துவிடவில்லை. அவர் இணைந்து பாடிய இரண்டு பாடல்கள் அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தன. தனியாக வெளியிட்ட பாடலின் காணொலி இணையத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. விருது விழாக்களில் அவரது நடனம் பேசப்பட்டது. ஆயினும் ஆல்பம் மட்டும் வரவில்லை.

'ஆல்பம் எப்போது?' என்ற கேள்வி, சமூக வலைதளங்களில் அவர் எதைப் பதிவிட்டாலும் அதன் கீழ் வந்து நின்றது. நாளடைவில் அதுவே அவரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சாகவும் மாறியது. 2024 பிப்ரவரியில் நார்மானி, அந்தக் கேள்வியையே பெயராகக் கொண்ட ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். 'அந்த ஆல்பம்தான் எங்கே?' என்று ரசிகர் ஒருவர் சலித்துக்கொண்டு கேட்பதுபோல் அதன் முகவரி அமைந்திருந்தது. அதே மாதத்தில் ஆல்பத்தின் பெயரும், கறுப்பு நிற ஏவுகணை ஒன்றின் மேல் அவர் அமர்ந்திருக்கும் அட்டைப்படமும் வெளியாயின.

கேள்வி பாடகியிடம் கேட்கப்பட்டது. ஆனால் ஒரு பெரிய இசை நிறுவனத்தின் வழியாக வெளிவரும் முதல் ஆல்பத்தின் தேதி, பாடகி ஒருவரால் மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை. குடும்பச் சூழல், மேலாண்மைக் குழு, ஒப்பந்த விதிகள், முந்தைய பாடலின் வெற்றி தோல்வி எனப் பலவும் அதைத் தீர்மானிக்கின்றன. தாமதத்தின் விலையை மட்டும் பெரும்பாலும் பாடுபவரே செலுத்துகிறார். நார்மானியின் ஆறு ஆண்டுகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

ஐவரில் ஒருவர்

நார்மானி கோர்டேய் ஹாமில்டன் 1996 மே 31 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தார். 2005ஆம் ஆண்டில் அந்நகரைக் கத்ரீனா புயல் சீரழித்தபோது அவரது குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. சிறுவயது முதலே நடனத்திலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் அவர் பயிற்சி பெற்றார்.

2012ஆம் ஆண்டு 'தி எக்ஸ் ஃபேக்டர்' தொலைக்காட்சிப் போட்டியின் அமெரிக்கப் பதிப்பில் அவர் தனிப் போட்டியாளராகவே கலந்துகொண்டார். அதேபோல் தனித்தனியாக வந்திருந்த ஆலி புரூக், காமிலா கபெயோ, டைனா ஜேன், லாரன் ஹாரெகி ஆகியோருடன் சேர்த்து அவரை ஒரே குழுவாக நிகழ்ச்சியினர் அமைத்தனர். அக்குழு மூன்றாம் இடம் பெற்றது. போட்டியின் நடுவர்களில் ஒருவரான சைமன் கவலின் 'சைகோ' நிறுவனமும் 'எபிக் ரெக்கார்ட்ஸ்' நிறுவனமும் குழுவை ஒப்பந்தம் செய்தன.

குழு மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. 2016இல் வெளியான 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பாடல் 'ஹாட் 100' பட்டியலில் நான்காம் இடம் வரை உயர்ந்தது. மேடையில் நடனத்தின் முகமாக நார்மானி அறியப்பட்டார். ஆனால் குழுவின் பாடல்களில் தமக்குப் பாடக் கிடைத்த வாய்ப்பு குறைவு என்றும், தாம் கவனிக்கப்படாமல் போனதாக உணர்ந்ததாகவும் பின்னாளில் அளித்த பேட்டிகளில் அவர் தெரிவித்துள்ளார்.

குழுவில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் அவர். 2016ஆம் ஆண்டில் இணையத்தில் அவருக்கு எதிராக நிறவெறித் தாக்குதல் கட்டவிழ்த்துவிடப்பட்டது. அதனால் அவர் சிறிது காலம் ட்விட்டரை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு, இணையவழித் துன்புறுத்தலுக்கு எதிராகச் செயல்படும் 'சைபர்ஸ்மைல்' அறக்கட்டளையின் தூதராகப் பொறுப்பேற்றார்.

இந்தப் பின்னணியில், முதல் தனி ஆல்பம் என்பது அவருக்கு வணிக முயற்சியாக மட்டும் இருக்கவில்லை. ஐந்து குரல்களுக்கிடையே கேட்காமல் போன தமது குரலை முழுமையாகக் கேட்கச் செய்வதற்கான முதல் வாய்ப்பாகவும் இருந்தது.

பிறர் வீட்டில் பிறந்த வெற்றிகள்

குழுவிலிருந்து முதலில் வெளியேறியவர் காமிலா கபெயோ. 2016 டிசம்பரில் அவர் விலகினார். பதின்மூன்றே மாதங்களில், 2018 ஜனவரி 12 அன்று, அவரது முதல் ஆல்பம் வெளியாகி 'பில்போர்டு 200' ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'ஹவானா' பாடலும் 'ஹாட் 100' பட்டியலில் முதலிடத்தை எட்டியது. நார்மானியின் தாமதம் எப்போதும் இந்த வேகத்துடன் ஒப்பிடப்பட்டது.

நார்மானியின் தொடக்கமும் மெதுவானதாக இல்லை. குழு பிரிவதற்கு முன்பே, 2018 பிப்ரவரியில், காலித் என்ற பாடகருடன் இணைந்து அவர் பாடிய 'லவ் லைஸ்' வெளியானது. 'லவ், சைமன்' என்ற ஹாலிவுட் திரைப்படத்தின் பாடல் தொகுப்புக்காகப் பதிவான அப்பாடல் 'ஹாட் 100' பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை சென்றது. 2019 ஜனவரியில் பிரிட்டிஷ் பாடகர் சாம் ஸ்மித்துடன் அவர் பாடிய 'டான்சிங் வித் எ ஸ்ட்ரேஞ்சர்' ஏழாம் இடத்தைப் பெற்றது. அதே ஆண்டு ஆரியானா கிராண்டேயின் உலக இசைப் பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி நடத்தும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

2019 ஆகஸ்ட் 16 அன்று, வேறெந்தப் பாடகரும் இடம்பெறாத 'மோட்டிவேஷன்' பாடல் வெளியானது. ஆரியானா கிராண்டே, ஸ்வீடனைச் சேர்ந்த மேக்ஸ் மார்ட்டின், இந்திய வம்சாவளி அமெரிக்கரான சவன் கொடேச்சா உள்ளிட்டோர் அதை இணைந்து எழுதியிருந்தனர். 2000ஆம் ஆண்டுகளின் இசைக் காணொலிகளை நினைவூட்டும் வகையில் அமைந்த அதன் காணொலியும், அம்மாதமே எம்டிவி விருது விழாவில் அவர் ஆடிய நடனமும் பரவலாகப் பாராட்டப்பட்டன. எனினும் பட்டியலில் அப்பாடல் 33ஆம் இடத்துக்கு மேல் செல்லவில்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். நார்மானியின் மிகப்பெரிய இரண்டு வெற்றிகளும் பிறருடன் இணைந்து பாடியவை. ஒன்று திரைப்படத் தொகுப்புக்கு உரியது. மற்றொன்று பின்னர் சாம் ஸ்மித்தின் ஆல்பத்தில் கூடுதல் பாடலாக இடம்பெற்றது. 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' திரைப்படத்துக்காகவும் 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' திரைப்படத்துக்காகவும் அவர் பாடிய பாடல்களும் அந்தந்தப் படங்களின் தொகுப்புகளுக்கே சென்றன. அவரது பெயர் எங்கும் ஒலித்தது. ஆனால் அந்தப் பாடல்கள் எவையும் அவருக்கென ஓர் இருப்பிடத்தை உருவாக்கவில்லை.

நின்றுபோன ஆண்டுகள்

'மோட்டிவேஷன்' வெளியான சில மாதங்களில் கொரோனா பெருந்தொற்று பரவியது. இசை நிகழ்ச்சிகளும் பயணங்களும் நின்றன. மேடையிலும் நடனத்திலும் வலிமை பெற்ற ஒரு கலைஞருக்கு, அந்த வலிமையைக் காட்டும் இடமே மூடப்பட்டது.

அவரது வீட்டுக்குள் நேர்ந்தது அதைவிடக் கடுமையானது. ஏற்கெனவே ஒருமுறை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த அவரது தாயாருக்கு 2020இல் அந்நோய் மீண்டும் வந்தது. தாயாரைத் தொடர்ந்து தந்தைக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இவ்விவரங்களை நார்மானியே பின்னர் பேட்டிகளில் பகிர்ந்துகொண்டார். 'ஆல்பம் எங்கே?' என்று வெளியில் கேலி செய்யப்பட்ட காலத்தின் ஒரு பகுதியில், பெற்றோர் இருவரின் சிகிச்சையையும் அவர் உடனிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அது அப்போது தெரியாது.

2021 ஜூலை 16 அன்று, கார்டி பியுடன் இணைந்த 'வைல்ட் சைட்' வெளியாகி 'ஹாட் 100' பட்டியலில் 14ஆம் இடத்தைப் பெற்றது. ஆல்பம் நெருங்கிவிட்டது என்ற எதிர்பார்ப்பு மீண்டும் எழுந்தது. 2022 மார்ச்சில் 'ஃபேர்' என்ற மெல்லிசைப் பாடல் வந்தது. அதன் பின்னும் ஆல்பம் வரவில்லை. 2023இல் அவர் தமது மேலாண்மைக் குழுவை மாற்றினார்.

மேலாண்மைக் குழுவின் மாற்றம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பாடகருக்கும் இசை நிறுவனத்துக்கும் இடையே நின்று எந்தப் பாடல், எந்தத் தயாரிப்பாளர், எந்தத் தேதி எனப் பேசி முடிப்பவர் மேலாளரே. அவர் மாறும்போது நடைபெற்றுவந்த பேச்சுகளும் திட்டங்களும் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து அமைக்கப்பட வேண்டியிருக்கும்.

தேதியைத் தீர்மானிப்பது யார்?

இந்தியாவில் பெரும்பாலான பிரபல பாடல்கள் திரைப்படத்தோடு பிறப்பவை. படத்தின் வெளியீட்டுத் தேதியே பாடலின் தேதியையும் ஏறக்குறைய முடிவு செய்துவிடும். பாடகர் ஒருவர் தனி ஆல்பமே வெளியிடாமலும் பல பத்தாண்டுகள் முன்னணியில் இருக்க முடியும். அமெரிக்க பாப் இசைத் துறையின் அமைப்பு வேறு. அங்கே ஆல்பமே ஒரு கலைஞரின் அடையாள அட்டை. பெரிய அரங்குகளில் தம் பெயரில் இசைப் பயணம் செல்லவும், விருதுகளின் ஆல்பப் பிரிவுகளில் போட்டியிடவும், விமர்சகர்களின் முழுமையான கவனத்தைப் பெறவும் அது தேவைப்படுகிறது.

பெரிய நிறுவனங்களின் வழக்கமான ஒப்பந்தங்கள் ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஒப்படைக்கப்படும் ஆல்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. முதல் ஆல்பத்துக்குப் பிறகு அடுத்தடுத்த ஆல்பங்களைக் கோரும் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். நிறுவனம் முன்பணம் கொடுக்கும். ஒலிப்பதிவுச் செலவையும் காணொலிச் செலவில் ஒரு பகுதியையும் ஏற்கும். பின்னர் பாடகருக்குச் சேர வேண்டிய உரிமத் தொகையிலிருந்து அவற்றைக் கழித்துக்கொள்ளும்.

பாடல்களைப் பதிவு செய்து ஒப்படைத்தால் மட்டும் போதாது. அவற்றை நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளியீட்டுக்கான பச்சைக்கொடியும் விளம்பரச் செலவுக்கான ஒப்புதலும் அங்கிருந்தே வருகின்றன. முன்னோட்டமாக வெளியிடப்படும் பாடல் எதிர்பார்த்த இடத்தை எட்டாவிட்டால், 'இன்னும் ஒரு பாடல் வெற்றி பெறட்டும்' என்று காத்திருப்பது துறையின் வழக்கம். அந்தக் காத்திருப்பு நீளும்போது பதிவான பாடல்கள் பழையனவாகின்றன. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை பதிவாகின்றன. செலவும் கூடுகிறது. கூடிய செலவே அடுத்த தயக்கத்துக்கும் காரணமாகிறது.

காலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் உண்டு. தனிநபரின் சேவைக்கான ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் அமல்படுத்த முடியாது என்கிறது கலிபோர்னியா மாநிலத் தொழிலாளர் சட்டம். ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட், வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 1944இல் பெற்ற தீர்ப்பு இதன் வலிமையை நிலைநாட்டியது. ஆயினும் 1987இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இசைக் கலைஞர்களுக்கு மட்டும் ஒரு விலக்கை உருவாக்கியது. ஏழு ஆண்டுகள் முடிந்து கலைஞர் வெளியேறினாலும், ஒப்படைக்கப்படாத ஆல்பங்களுக்காக நிறுவனம் இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம். எனவே தாமதம் ஒரு கலைஞரை விடுவிப்பதில்லை. பல நேரங்களில் அது அவரை மேலும் பிணைக்கவே செய்கிறது.

குழுக்களிலிருந்து வருபவர்களுக்கு மற்றொரு பிணைப்பும் உள்ளது. குழு கலைந்தால் அதன் உறுப்பினர்களின் தனிப் பாடல்கள் மீதும் நிறுவனத்துக்கு முன்னுரிமை இருக்கும் என்ற விதி குழு ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறுவதுண்டு. ஃபிஃப்த் ஹார்மனி இருந்த எபிக் நிறுவனமும், நார்மானி தனிப் பாடகியாகச் சேர்ந்த ஆர்சிஏ நிறுவனமும் சோனி மியூசிக் என்ற ஒரே குடையின் கீழ் இயங்குபவை.

வெளிவராத ஆல்பமும் விடுதலை பெற்ற ஆல்பமும்

நார்மானிக்கு முன்பும் இவ்வாறு நேர்ந்துள்ளது. 'புஸ்ஸிகேட் டால்ஸ்' குழுவின் முதன்மைப் பாடகியான நிக்கோல் ஷெர்சிங்கர், 2007இல் 'ஹர் நேம் இஸ் நிக்கோல்' என்ற பெயரில் முதல் தனி ஆல்பத்தை வெளியிடத் திட்டமிட்டிருந்தார். அதற்காகப் பல பாடல்கள் முன்னோட்டமாக வெளியாயின. அவை எதிர்பார்த்த வெற்றி பெறவில்லை. வெளியீடு தள்ளிப்போய், இறுதியில் அந்த ஆல்பம் கைவிடப்பட்டது. அவரது முதல் தனி ஆல்பமாக அமைந்தது, 2011இல் பிரிட்டனில் வெளியான 'கில்லர் லவ்' என்ற வேறொரு தொகுப்பு. அவருக்கு மிக உயர்ந்த அங்கீகாரம் இசைத் துறைக்கு வெளியே, நாடக மேடையில் கிடைத்தது. 'சன்செட் பொலிவார்ட்' இசை நாடகத்துக்காக 2024இல் ஒலிவியர் விருதும் 2025இல் டோனி விருதும் அவர் பெற்றார்.

லண்டன் பாடகி ரேயின் கதை வேறு திசையில் சென்றது. 2014இல் அவர் பாலிடார் நிறுவனத்துடன் நான்கு ஆல்பங்களுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிற பாடகர்களுக்குப் பாடல் எழுதினார். நடன இசைப் பாடல்களில் குரல் கொடுத்தார். ஏழு ஆண்டுகள் ஆகியும் முதல் ஆல்பம் வெளிவரவில்லை. ஆல்பம் வெளியிடத் தமக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று 2021 ஜூனில் ட்விட்டரில் அவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அடுத்த சில வாரங்களில் அந்நிறுவனத்துடனான உறவு முடிவுக்கு வந்தது.

அதன் பிறகு சுயேச்சைக் கலைஞராக அவர் வெளியிட்ட 'எஸ்கேபிசம்' பாடல், 2023 ஜனவரியில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிப்ரவரி 3 அன்று 'மை 21ஸ்ட் செஞ்சுரி ப்ளூஸ்' என்ற அவரது முதல் ஆல்பம் வெளியானது. 2024 மார்ச்சில் நடைபெற்ற பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருதுகளை அவர் வென்றார். அவ்விழாவின் வரலாற்றில் அது ஒரு சாதனை. நிறுவனத்துக்குள் காத்திருந்தபோது கிடைக்காத ஆல்பம், வெளியே வந்த பின் இரண்டு ஆண்டுகளுக்குள் சாத்தியமானது.

இந்த இருவருக்கும் இடையில்தான் நார்மானி நிற்கிறார். அவரது ஆல்பம் கைவிடப்படவில்லை. அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறவும் இல்லை. தாமதமாக, ஆனால் ஆர்சிஏ நிறுவனத்தின் வழியாகவே 'டோபமைன்' வெளியானது.

'டோபமைன்' ஆல்பத்தில் என்ன இருக்கிறது?

மகிழ்ச்சி உணர்வுடன் தொடர்புபடுத்தப்படும் மூளை வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய இந்த ஆல்பத்தில் 13 பாடல்கள் உள்ளன. கன்னா, ஜேம்ஸ் பிளேக், ஸ்டாரா, கார்டி பி ஆகியோர் ஒவ்வொரு பாடலில் இணைந்துள்ளனர். 'இன்சோம்னியா' பாடலில், நார்மானி சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பாடகியான பிராண்டியின் பின்னணிக் குரலும் ஒலிக்கிறது.

அவர் வளர்ந்த அமெரிக்கத் தென் மாநிலங்களின் சாயல் ஆல்பம் முழுவதும் தெரிகிறது. 'கேண்டி பெயிண்ட்' என்ற பாடலின் தலைப்பு, ஹூஸ்டன் தெருக்களில் மிட்டாய்போல் மின்னும் வண்ணம் பூசி ஓட்டப்படும் கார்களை நினைவூட்டுவது. 'ஸ்டில்' பாடலில் ஹூஸ்டன் ராப் இசையின் புகழ்பெற்ற பழைய பாடல் ஒன்றின் ஒலித்துணுக்கு பயன்படுத்தப்பட்டுள்ளது. வேகமான பாப் பாடல்களைவிட, நிதானமான தாளத்தில் அடங்கிய குரலில் செல்லும் ஆர் அண்ட் பி பாடல்களே இதில் மிகுதி.

ஆல்பத்தில் இல்லாதவையும் கவனத்துக்குரியவை. 'லவ் லைஸ்', 'டான்சிங் வித் எ ஸ்ட்ரேஞ்சர்', 'மோட்டிவேஷன்', 'ஃபேர்' ஆகிய நான்கும் இதில் இடம்பெறவில்லை. பழைய பாடல்களில் 'வைல்ட் சைட்' மட்டுமே, இறுதிப் பாடலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பிறர் தமக்கு வகுத்த பாப் பாதையிலிருந்து விலகி, தமது ஊரின் ஒலிக்குத் திரும்பும் முடிவாக இதைப் புரிந்துகொள்ளலாம். விமர்சகர்கள் பெரும்பாலும் ஆல்பத்தைப் பாராட்டியே எழுதினர்.

91ஆம் இடம் சொல்வது என்ன?

வணிக முடிவு அவ்வாறு அமையவில்லை. 'பில்போர்டு 200' பட்டியலில் 'டோபமைன்' 91ஆம் இடத்தையே பெற்றது. ஹாட் 100 பட்டியலில் இருமுறை முதல் பத்துக்குள் வந்த பாடகிக்கு இது மிகக் குறைந்த இடம்.

இதன் பின்னணியில் உள்ள கணக்கு எளிமையானது. 2014 டிசம்பர் முதல் பில்போர்டு ஆல்பம் பட்டியல், விற்பனையுடன் இணையவழிக் கேட்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 'டோபமைன்' வெளியான காலத்து விதிப்படி, கட்டணச் சந்தாதாரர்கள் ஆல்பத்தின் பாடல்களை 1,250 முறை கேட்டாலோ, விளம்பரத்துடன் கூடிய இலவசச் சேவையில் 3,750 முறை கேட்டாலோ ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். பத்துப் பாடல்களைத் தனித்தனியே விலைகொடுத்துப் பதிவிறக்குவதும் ஓர் ஆல்பமாகக் கொள்ளப்பட்டது.

இந்த முறையில், ஏற்கெனவே வெற்றி பெற்று இன்னும் கேட்கப்பட்டுவரும் ஒரு பாடல் ஆல்பத்தில் இருந்தால், அதன் ஒவ்வொரு வாரக் கேட்பும் ஆல்பத்தின் கணக்கில் சேரும். வெற்றிப் பாடல் சூடாக இருக்கும்போதே ஆல்பத்தை வெளியிட நிறுவனங்கள் முனைவதற்கு இதுவும் ஒரு காரணம். நார்மானியின் பெரிய வெற்றிப் பாடல்கள் வெளியாகி ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அவை அவரது ஆல்பத்திலும் இல்லை. ஆகவே ஆறு ஆண்டு உழைப்பில் சேர்ந்த புகழின் பெரும்பகுதி, வெளியீட்டு வாரத்தில் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அடுத்து விபத்து ஒன்றும் குறுக்கிட்டது. 2024 ஜூன் இறுதியில் நடைபெற்ற பெட் விருது விழாவில் அவர் புதிய ஆல்பத்தின் பாடலுடன் மேடையேறுவதாக இருந்தது. ஒத்திகையின்போது ஏற்பட்ட விபத்தில் காயமடைந்ததால் அந்நிகழ்ச்சியிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். மேடையில் ஆடி வென்ற ஒருவருக்கு, ஆல்பத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் மிக முக்கியமான வாய்ப்பு அவ்வாறு நழுவியது.

ரசிகர்களின் எதிர்பார்ப்பும் ஒரு சுமையாக மாறியிருந்தது. ஓராண்டில் வரும் முதல் ஆல்பம், ஒரு தொடக்கமாகவே மதிப்பிடப்படும். ஆறு ஆண்டுகள் கழித்து வரும் ஆல்பம், அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எந்த 13 பாடல்களும் அந்தக் கடனைத் தீர்ப்பது கடினம்.

தாமதத்தின் லாபமும் நஷ்டமும்

நார்மானிக்கு நேர்ந்ததை வெறும் தோல்வியாகவோ வெற்றியாகவோ சுருக்க முடியாது. அவர் இழந்தவை தெளிவானவை. இரு பெரும் பாடல்கள் உருவாக்கிய வேகம், குழுவின் ரசிகர்கள் முழுமையாக உடனிருந்த காலம், 'மோட்டிவேஷன்' காணொலி எழுப்பிய ஆர்வம் ஆகியவை திரும்ப வராதவை.

அவர் பெற்றதும் உண்டு. 2019இல் ஆல்பம் வெளிவந்திருந்தால் அது அக்காலத்தின் பாப் வெற்றிப் பாடல்களை ஒட்டியே அமைந்திருக்க வாய்ப்பு மிகுதி. 2024இல் வந்தது, ஹூஸ்டனில் வளர்ந்த ஒரு பெண்ணின் ஆர் அண்ட் பி ஆல்பம். ஐவரில் ஒருவராக ஓரிரு வரிகள் பாடிய குரல், அதில் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை ஒலிக்கிறது. பெற்றோரின் நோயைக் கடந்து, கேலிகளுக்கு இடையே அது நிறைவடைந்தது.

ரசிகர்கள் காத்திருந்ததில் தவறில்லை. விருப்பமான குரலைக் கேட்க நினைப்பது இயல்பு. ஆனால் அடுத்த முறை வேறொரு பாடகியிடம் இதே கேள்வி எழும்போது, ஒப்பந்தத்தில் எத்தனை ஆல்பங்கள் உள்ளன, அவற்றை ஏற்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இதுவரை வெளியான பாடல்கள் யாருடைய தொகுப்பில் சேர்ந்துள்ளன என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது. கேலிக்கு ஆளாகும் பெயர் எப்போதும் பாடுபவருடையதாகவே இருக்கிறது. ஆல்பத்தின் தேதியை எழுதும் கைகளோ பல.